எலிக்குக் கேட்ட மருந்து அம்மாவின் கைக்குக் கேட்குமா?

(கால்நடை மருத்துவராக 31 ஆண்டுகள். அதில் 19 ஆண்டுகள் சமவெளியில் ஓர் ஆய்வுக்கூடத்தின் விலங்குக் கூடப் பொறுப்பு. ஓய்வுபெற்று இப்போது கோத்தகிரி பக்கம் குடியிருக்கும் டாக்டரம்மா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் அம்மா எஸ்டேட் தொழிலாளி. எட்டு மாதத்துக்கு முன் கவாத்து வெட்டும்போது கத்தி நழுவி இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், ஆழமாகக் கிழித்துவிட்டது. தையல் பிரித்து, காயமும் ஆறிவிட்டது. ஆனால் புறங்கையில் எரிச்சல் நிற்கவில்லை. ஸ்வெட்டர் கை உரசினாலே துடித்துப் போகிறார். காலையில் பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. மருந்துக்கடையில் சொன்னபடி பி12 ஊசி பத்து போட்டாயிற்று. "எலியின் நரம்பைக் காயப்படுத்தி வைட்டமின் ஊசி போட்டால் வலி போய்விடுகிறது, ஆராய்ச்சியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், இன்னும் பத்து போடு" என்கிறார் சித்தப்பா. போடலாமா?
— ஒரு மகள், கோத்தகிரி

முதலில் ஒன்று. நான் மாட்டு டாக்டர். மனிதருக்குச் சீட்டு எழுதும் அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆனால் உங்கள் சித்தப்பா சொல்கிற அந்த எலியை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவின் கையை எங்கே காட்ட வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சித்தப்பா பொய் சொல்லவில்லை. எலிக்கு மயக்கம் கொடுத்துத் தொடையைத் திறப்பார்கள். காலுக்குப் போகிற பெரிய நரம்பு, சயாட்டிக் நரம்பு, வெள்ளையாக, சேமியா இழை மாதிரி இருக்கும். அதைச் சுற்றி கேட்கட் நூலில் நான்கு முடிச்சு, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, தளர்வாகப் போடுவார்கள். அந்தத் தளர்வில்தான் கைப்பழக்கமே இருக்கிறது. இறுக்கிவிட்டால் நரம்பு செத்துப்போகும். அப்புறம் எலிக்கு எதுவுமே தெரியாது. கேட்கட் என்பது ஆடுமாடுகளின் குடலில் செய்கிற நூல். உள்ளே ஊறும், நரம்பும் வீங்கும், தளர்வாகப் போட்ட முடிச்சு தானாகவே நெரிக்க ஆரம்பிக்கும். பென்னட், ஷியே என்ற இரண்டு பேர் 1988இல் வெளியிட்ட முறை இது. இரண்டு மூன்று நாளில் எலி அந்தக் காலைத் தரையில் ஊன்றாது. பாதத்தைக் குவித்து வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார் அல்லவா, அதே மாதிரி.

இப்படி நரம்பு காயப்பட்ட எலிகளுக்கு பி1, பி6, பி12 ஊசி போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2005இல் வந்தது. தனித்தனியாகப் போட்டபோதும் வலி குறைந்தது. மூன்றையும் சேர்த்து ஒன்றிரண்டு வாரம் தினமும் போட்டபோது நீண்ட நாளைக்கே குறைந்தது. சித்தப்பாவுக்குக் கிடைத்தது இந்தச் சேதியாகத்தான் இருக்கும்.

ஆனால் எந்த வலி? அந்த ஆய்வின் தலைப்பிலேயே பதில் இருக்கிறது. சூட்டு வலி குறைந்தது, அழுத்தினால் வரும் வலி குறையவில்லை. எலியைக் கண்ணாடித் தளத்தில் நிறுத்தி, அடியிலிருந்து விளக்கின் வெப்பத்தைப் பாதத்தில் பாய்ச்சி, எத்தனை விநாடியில் காலைத் தூக்குகிறது என்று பார்ப்பார்கள். காயப்பட்ட எலி சட்டென்று தூக்கும். வைட்டமின் போட்ட எலி சாதாரண எலி மாதிரி நிதானமாகத் தூக்கியது. அதே எலியின் பாதத்தில் நைலான் இழையால் குத்தியபோது, வைட்டமின் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே துடிப்புதான்.

இப்போது உங்கள் கடிதத்தை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். ஸ்வெட்டர் உரசினால் துடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சைத் தண்ணீர் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெந்நீர் சுடுகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த எலிக்குக் குறைந்த வலி ஒன்று, உங்கள் அம்மாவுக்கு இருக்கிற வலி வேறு.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். 2006இல் மெக்சிகோவில் ஒரு குழு, நரம்பை வேறு விதமாகக் கட்டிய எலிகளில் பி1, பி12 இரண்டும் தொடுவலியையும் குறைத்ததாகக் காட்டியது. ஆக, எலிகளே இன்னும் ஒரே பதிலாகச் சொல்லவில்லை. மனிதரிலும் அப்படித்தான். கைகால் நரம்புக் கோளாறுகளுக்கு பி வைட்டமின் கொடுத்த 13 ஆய்வுகளை, 741 பேரை, 2008இல் ஒன்றாகக் கோத்துப் பார்த்தார்கள். கேட்கிறது என்றோ கேட்கவில்லை என்றோ அடித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்து, அளவு. 2005 ஆய்வில் எலிக்கு ஒரு கிலோ எடைக்கு பி1 33 மில்லிகிராம், பி6 அதே 33, பி12 அரை மில்லிகிராம், வயிற்றுக்குள் ஊசியாக. எலிக் கணக்கை மனிதக் கணக்காக்க எடையை வைத்து மட்டும் பெருக்கக் கூடாது. சின்ன உடம்பு மருந்தைச் சீக்கிரம் செலவழித்துவிடும் என்பதால் ஏறக்குறைய ஆறால் வகுப்பது வழக்கம். வகுத்த பிறகும், 55 கிலோ உள்ள ஒருவருக்கு பி6 மட்டுமே நாளுக்கு 300 மில்லிகிராம் வருகிறது. உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 2 மில்லிகிராம் அளவுதான். அந்த 300 என்ன செய்யும் என்று கீழே பண்ணைக்காடு வாசகருக்கு எழுதியிருக்கிறேன். சித்தப்பாவையும் படிக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. அந்த எலியின் நரம்பு நெரிபட்டது. கவாத்துக் கத்தி நெரிக்காது, அறுக்கும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் தோலுக்கு அடியிலேயே ரேடியல் நரம்பின் ஒரு கிளை ஓடுகிறது. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள தோலுக்கு உணர்ச்சி கொடுப்பது அதுதான். அது அறுந்தால் மேல்முனை மறுபடி வளரப் பார்க்கும், நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில். எதிர்முனை கிடைக்காவிட்டால் தழும்புக்குள்ளேயே சுருண்டு முடிச்சாகிவிடும். நியூரோமா என்பார்கள். அதை உரசினால்தான் கரண்ட் அடித்த மாதிரி துடிப்பது. நெரிபட்ட எலிக்கு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் இரண்டு மாதம் போல் ஆனால் வலி தானாகத் தணிய ஆரம்பிக்கும். எட்டு மாதம் ஆன பிறகும் உங்கள் அம்மாவுக்குத் தணியவில்லை என்றால் உள்ளே முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

தழும்பின் மேல் உங்கள் விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஏதோ ஓரிடத்தில் மட்டும் சுரீரென்று கட்டைவிரல் பக்கம் ஓடுகிறது என்று அம்மா சொன்னால், அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியோடு கோயம்புத்தூருக்குப் போய், கை அறுவையோ பிளாஸ்டிக் சர்ஜரியோ பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நரம்புவலிக்கென்றே உள்ள மாத்திரைகள், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை, அவர்கள் பார்த்து எழுதித்தான் போட வேண்டும். கூடவே ரத்தத்தில் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் ஊசிக்கு அர்த்தம் உண்டு. ஏற்கெனவே பத்து ஊசி போட்டிருப்பதால் அளவு கூடத்தான் காட்டும்; ஊசி போட்ட விஷயத்தை மறக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கண்ணு, வேலையில் பட்ட காயம் இது. எஸ்டேட் ஆபீஸ் பதிவேட்டில் எழுதினார்களா என்று கேட்டு வையுங்கள்.

எலிக்கு வலிக்கிறது என்று எப்படித் தெரியும்? அது சொல்லவா போகிறது?
— பார்மசி மாணவர், ஊட்டி

தம்பி, நீங்கள் கேட்டதை எங்கள் கூடத்துக்கு வந்த ஒவ்வொரு புது ஆளும் முதல் நாளில் கேட்டிருக்கிறார்கள். பாதி பேர் பதில் கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை.

எலி சொல்லாது, காலைத் தூக்கும், நக்கும். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற வாக்குமூலம். கம்பி வலைமேல் எலியை விட்டு, அது மோப்பம் பிடித்து, சுற்றி, மீசையைத் துடைத்து ஓய்கிறவரை கால் மணி, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் வலைக்கு அடியிலிருந்து இழையைக் கொண்டுபோய், அது லேசாக வளைகிற அளவுக்குப் பாதத்தில் அழுத்த வேண்டும். வான் ஃப்ரே என்ற விஞ்ஞானி நூற்று முப்பது வருடத்துக்கு முன் ஜெர்மனியில் குதிரை மயிரை வைத்து மனிதத் தோலில் செய்த சோதனை இது. இப்போது நைலான், எந்த இழை எத்தனை கிராமில் வளையும் என்று கணக்கு இருக்கிறது. குளிருக்கு அசிட்டோன் ஒரு சொட்டு. அது ஆவியாகிற சில்லிப்பே நரம்பு காயப்பட்ட எலிக்குத் தாங்காது. மேலே எழுதிய அம்மாவின் பச்சைத் தண்ணீர் விவகாரத்துக்குப் பக்கத்தில் வருவது இந்தச் சோதனைதான், விளக்கு அல்ல.

எதுவுமே தொடாமல், ராத்திரி படுத்திருக்கும்போது தானாக எரிகிறதே, மனிதர்கள் அதிகம் புலம்புவது அந்த வலியைத்தான். அதை எலியிடம் அளப்பதுதான் கஷ்டம். அளக்கச் சுலபமானதை அளந்துவிட்டு எல்லா வலிக்கும் சேர்த்துப் பேசுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், பி12 சோதனை ஒன்றில் ஊசி போட்டவளும் நான், இழை குத்தியவளும் நான். எலிகளுக்கு எண் மட்டும்தான், எது மருந்து எது உப்புத் தண்ணீர் என்று சீட்டில் இருக்காது, அதனால் பாரபட்சம் வராது என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். பி12 கரைசல் என்ன நிறம் என்று பார்மசி மாணவருக்குத் தெரிந்திருக்கும். மாதுளைச் சாறு நிறம்! சிரிஞ்சைக் கையில் எடுத்த நிமிஷமே தெரிந்துவிடும். மூன்றாவது நாள் என் கையை நானே கவனித்தேன். 14ஆம் எண் எலி 'சிவப்பு' என்று தெரிந்திருந்ததால் இழையைக் கொஞ்சம் பூ மாதிரி வைத்தேன். 15ஆம் எண்ணுக்கு அப்படி இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை. அந்த ஒரு மாதக் கணக்கையும் தூக்கிப் போடச் சொன்னேன். போடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து என் கூடத்தில் ஊசி போடுகிறவர் ஒருவர், குத்துகிறவர் இன்னொருவர். சிரிஞ்சுக்குக் கறுப்பு டேப். பி1-க்கு டேப் சுற்றியும் பிரயோஜனம் இல்லை, அதன் நாற்றம் அறை முழுக்க வரும். அதனால் ஊசி போடுகிற அறையையே மாற்றினோம்.

வைட்டமின் பற்றி எலி ஆய்வு எதைப் படித்தாலும் முடிவுரைக்குப் போகாதீர்கள். குத்தினது யார், அவருக்கு எது மருந்து என்று தெரியுமா, இதை முதலில் தேடுங்கள். இன்னொரு வேடிக்கை. 2014இல் கனடாவில் ஓர் ஆய்வு. சோதனை செய்கிறவர் ஆண் என்றால் எலிகள் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன. ஆள்கூட வேண்டாம், ஆண் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட் பக்கத்தில் இருந்தாலே போதும். பயத்தில் வலி அடங்கிவிடுகிறது.

வைட்டமினைக் கண்டுபிடித்ததே நம் குன்னூரில்தான், புறாக்களை வைத்து என்று தாத்தா சொல்வார். உண்மையா?
— பள்ளி ஆசிரியை, வெலிங்டன்

கண்டுபிடித்தது இங்கே இல்லை. ஆனால் தாத்தா புறாக்களை மறக்காமல் வைத்திருக்கிறாரே, அதற்கு ஒரு கும்பிடு.

கதை ஜாவாவில் ஆரம்பிக்கிறது. 1890 வாக்கில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் வளர்த்த கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனது. கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிட்டது. ஏன் என்று தேடினால் காரணம் சமையற்காரர்! பழைய ஆள் ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவர், ராணுவத்துச் சோற்றைச் சிவிலியன் கோழிகளுக்குப் போட மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். தவிடு எடுக்காத அரிசி தின்றதும் கோழிகள் எழுந்து நடந்தன. அந்தத் தவிட்டுச் சத்துதான் பி1. அதை 1926இல் ஜாவாவிலேயே பிரித்தெடுத்தார்கள். 1936இல் வேதியியல் முறையில் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் நம் நெல்லூர்.

குன்னூருக்கு வருவோம். 1907இல் திறந்த பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், முதல் உலகப் போர் முடிகிற சமயம், மெக்கரிசன் என்ற டாக்டர், பி1 குறைவால் வருகிற பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியை ஆரம்பித்தார். தீட்டிய அரிசி மட்டும் போட்ட புறாக்கள் சில வாரத்தில் தலையைப் பின்னால் முதுகுவரை மடித்துக்கொண்டு விழும். அந்த ஓர் அறைதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. இப்போது அங்கே இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பூர்விக வீடு குன்னூர்தான்.

பிள்ளைகளிடம் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். அந்நாளைய மதராஸ் மாகாணத்தில் பெரிபெரி ஆந்திரக் கரையோர மாவட்டங்களில்தான் அதிகம். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. நம் பக்கம் புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது பி1 உமி, தவிட்டுப் பக்கமிருந்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது, அப்புறம் தீட்டினாலும் கொஞ்சம் தங்குகிறது. நம் பாட்டிகள் வைட்டமின் படித்து அவிக்கவில்லை, ஆனால் அவித்தார்கள்.

கழுத்து மடிந்து கிடக்கிற புறாவுக்கு பி1 கொடுத்தால் சில மணி நேரத்தில் தலையைத் தூக்கி உட்காரும். மந்திரம் போட்ட மாதிரி இருக்கும். வைட்டமின் என்றால் நரம்பு மருந்து என்று ஊரெல்லாம் நம்புவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் புறாவுக்கு நரம்பில் காயம் எதுவும் இல்லை. சத்துதான் இல்லை.

நரம்புத் தளர்ச்சிக்கு என்று மருந்துக்கடையில் கொடுத்த பி6 மாத்திரையைத் தினமும் இரண்டாக ஒன்றரை வருடமாகப் போடுகிறேன். அட்டையில் 100 மி.கி. என்று இருக்கிறது. வைட்டமின்தானே, மிச்சம் மூத்திரத்தில் போய்விடும் என்கிறார்கள். ஆனால் சமீபமாக உள்ளங்கால் மதமதப்பாக இருக்கிறது.
— காபித் தோட்டக்காரர், பண்ணைக்காடு

மாத்திரையை நாளைக்கே நிறுத்திவிட்டு, வத்தலக்குண்டோ திண்டுக்கல்லோ இறங்கி நரம்பு டாக்டரைப் பாருங்கள். அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

பி6 கூடினால் எல்லாம் மூத்திரத்தில் போய்விடாது. 1983இல் அமெரிக்காவில் ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். தினமும் கிராம் கணக்கில் பி6 சாப்பிட்டவர்கள். கால் மரத்து, கண்ணை மூடினால் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறினார்கள். நிறுத்தியதும் மெல்ல மெல்லத் தேறினார்கள். உங்கள் அளவு அதைவிடக் குறைவுதான். ஆனால் குறைந்த அளவிலும் மாதக்கணக்கில் போட்டவர்களுக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் நாளைக்கு 100 மில்லிகிராம் உச்ச வரம்பு. ஐரோப்பாவில் 2023இல் அதை 12 ஆகவே குறைத்துவிட்டார்கள். நீங்கள் போடுவது 200.

இதில் எனக்கு இன்றும் விசித்திரமாகப் படுவது ஒன்று உண்டு. உணர்ச்சி நரம்பு கெட்ட விலங்கு ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றால் ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஒரு வழி, எலிக்கோ நாய்க்கோ பி6-ஐ ஏராளமாக ஏற்றுவது. பக்கத்து அறையில் அதே பி6-ஐ நரம்புவலி குறைகிறதா என்று சோதித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு அறைக்கும் குப்பி ஒரே அலமாரியிலிருந்துதான் போகும்.

காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் பி6-ஐ நிறுத்திவிடாதீர்கள். அந்த மருந்து உடம்பின் பி6-ஐக் கெடுக்கும் என்பதால் டாக்டரே சின்ன அளவில் சேர்த்துக் கொடுப்பார். அது வேறு கணக்கு.

பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்பார்மின். சுத்த சைவம். இரண்டு பாதமும் ராத்திரியில் திகுதிகுவென்று எரிகிறது. சர்க்கரையால் வந்ததுதான், ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள்.
— ஓய்வுபெற்ற தபால்காரர், கொடைக்கானல்

ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்வதற்கு முன்னால் பி12 பார்த்தார்களா? மெட்பார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12-ஐ இழுத்துக்கொள்வது குறையும். செடிகொடியில் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மாமிசம், மீன் இவற்றில்தான். ஆக உங்களுக்கு வரவும் குறைவு, உள்ளே போவதும் குறைவு. குறைந்தால் வருகிற எரிச்சலும் சர்க்கரையால் வருகிற எரிச்சலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். உங்கள் கதை எலியின் கதை அல்ல, குன்னூர்ப் புறாவின் கதையாகக்கூட இருக்கலாம். அப்படி இருந்தால் ஊசி நன்றாகவே கேட்கும். மெட்பார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தசோகைக்கு என்று போலிக் ஆசிட் மட்டும் தனியாக வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் தேறின மாதிரி காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

எரிச்சல் உள்ள இடத்தில் நீலகிரித் தைலம் தேய்க்கலாமா?
— ஐந்தாறு பேர், பல ஊர்கள்

தொட்டாலே துடிக்கிற இடத்தில் தேய்ப்பதா? வேண்டாம். சளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிப் பக்கம் சவாரிக்கு விடுகிற குதிரை. ஒரு மாதமாக மேய்ச்சலுக்கு மேலே விட்டிருந்தேன். இப்போது கால்களை அகட்டி வைத்து நிற்கிறது, நடந்தால் குடித்த ஆள் மாதிரி தள்ளாடுகிறது. பி1 ஊசி போடச் சொல்கிறார்கள். வைட்டமினால் நரம்பு சரியாகாது என்று நீங்கள் ஒரு தடவை எழுதியிருந்தீர்களே?
— குதிரைக்காரர், ஊட்டி

அண்ணா, நான் அப்படி எழுதவில்லை. உங்கள் குதிரைக்குப் போட வேண்டியது அதே ஊசியாக இருக்கலாம்!

மேலே எங்கே விட்டீர்கள்? பெரணிச் செடி மண்டிய சரிவா? மழை குறைந்து புல் காய்ந்தால் குதிரை பெரணியைத் தின்னும். அதில் பி1-ஐ அழிக்கிற ஒரு சரக்கு இருக்கிறது. வாரக்கணக்கில் தின்றால் குதிரைக்கு பி1 தீர்ந்து, நீங்கள் சொன்ன அதே மாதிரி நிற்கும், முதுகைக் கூனிக்கொள்ளும். சீக்கிரம் பார்த்தால் பி1 ஊசியில் தேறிவிடும். இன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்புங்கள், மேய்ச்சல் இடத்தைப் பற்றியும் சொல்லுங்கள். காய்ந்த பெரணியைக் கொட்டிலில் படுக்கையாகப் போடுகிற வழக்கம் இருந்தால் அதையும் அள்ளி வெளியே போடுங்கள், காய்ந்தாலும் அந்தக் குணம் போகாது.

மாடு அதே பெரணியைத் தின்றால் தள்ளாடாது. அதன் வயிற்றிலேயே பி1 உற்பத்தியாகிறது. மாட்டுக்கு வருவது வேறு, சிவப்பாக மூத்திரம் போகும். இந்த மலையில் பழைய நோய் அது. மாடு வைத்திருப்பவர்கள் தனியாக எழுதுங்கள், அடுத்த முறை அதற்கே இடம் ஒதுக்குகிறேன்.

நரம்பைக் கட்டி, வலிக்க வைத்து, வேடிக்கை பார்த்து, கடைசியில் கொன்றும்விடுகிறீர்கள். ராத்திரி தூக்கம் வருமா உங்களுக்கு?
— பெயர் வேண்டாம், குன்னூர்

சில ராத்திரி வந்ததில்லை.

1960ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் நெறிமுறைக் குழு இருக்கிறது, ஒவ்வொரு எலிக்கும் கணக்கு உண்டு. அதையெல்லாம் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை. மற்ற அறுவைகளில் வலி தெரியாமல் மருந்து கொடுப்போம். வலி ஆய்வில் வலியைத்தானே அளக்கிறோம், அதனால் கொடுக்க முடியாது. அந்தக் கூண்டுகளைக் கடந்து போவது வேறு மாதிரிதான் இருக்கும். சில எலி மரத்துப்போன காலின் விரலைத் தானே கடிக்கும். அதற்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன். கடித்தது என்றால் அன்றைக்கே அது ஆய்வை விட்டு விலகும், யார் எவ்வளவு மன்றாடினாலும் சரி. ஒரு ஆராய்ச்சி மாணவி என்னோடு ஆறு மாதம் பேசவில்லை.

மேலே பி12 கதையைச் சொன்னேனே, என் கை கூசின கதை. அந்த மாதம் 24 எலிகளின் நரம்பைக் கட்டினோம். எதற்கும் உதவாத கணக்கு வந்தது. உங்கள் கேள்விக்கு நான் பதில் இல்லாமல் நிற்பது அந்த 24 எலிகளிடம்தான்.

இவ்வளவு வருடம் எலிகளோடு இருந்தீர்களே, இப்போது வீட்டில் எலி வந்தால் என்ன செய்வீர்கள்?
— ஏழாம் வகுப்பு மாணவி, கேத்தி

மழைக்காலத்தில் உருளைக்கிழங்கு மூட்டைக்கு வரும். கூண்டு வைத்துப் பிடிப்பேன். கொல்ல மனசு வருவதில்லை. குட்டை ஒன்றைத் தாண்டி, பழைய சில்வர் ஓக் மரங்களுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். மூன்றாவது நாள் அதே எலிதான் திரும்பி வருகிறது, நீ அதை வாக்கிங் கூட்டிப்போகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நாட்டு எலி எல்லாம் பார்க்க ஒன்று போல இருக்கும், அப்படிச் சொல்லக்கூடாது என்று சொன்னேன்.

ஆய்வுக்கூடத்தில் எலிகளை அடையாளம் வைக்க வாலில் மார்க்கர் பேனாவால் கோடு போடுவோம். முதல் எலிக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு. போன மாதம் பிடித்ததற்கு ஒரு கோடு போட்டு விட்டேன்.

செவ்வாய்க்கிழமை கூண்டில் இருந்ததன் வாலில் ஒரு கோடு இருந்தது. வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.